மக வேல பாக்குற கடை

...அதத்தாம்மா சொல்றேன், நாலு நாளா நாலு தடவ மூக்குக்கண்ணாடித் திருகு கழண்டு விழுதுன்னா என்ன கடை நடத்துறீங்க? மெதுவா முடுக்கும்மா, அவசரமே இல்ல. அந்த... உள்ள லென்ஸ் தேய்க்குற பொண்ணு புதுசா? சாப்பிட்டாளா? சும்மாதான் கேட்டேன்.

என்ன பாக்குற? சரி, எம்பொண்ணுதான், நான் அவ அப்பன்! சத்தம் போடாத, கேட்டுச்சுன்னா என் தோல உரிச்சிருவா.

அவளுக்கு வலிப்பு இருக்கும்மா. மாத்திரையில அடங்கியிருக்கு. ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவதான் வந்துச்சு. ஆனா இந்த ஒலகம் இருக்கே... வேல குடுத்துருமா? 'இண்டர்வியூல வாயத் தொறக்காதடி'ன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இவ என்னடான்னா மொத வார்த்தையே அதான்! உங்க மொதலாளியம்மாவும் 'சரி, திங்கக்கிழம வா'ன்னுட்டாங்க. இப்படியா பொசுக்குன்னு சேத்துப்பாங்க?

முன்னாடி அச்சாபீசுல இருந்தா. நல்ல வேல... போயிருச்சு. அங்கதான் அந்த ஒரு தடவ வந்துச்சு. கூட இருந்த பொண்ணு ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கடிகாரத்தப் பாத்துக்கிட்டே பக்கத்துல ஒக்காந்திருந்துச்சாம். ரெண்டே நிமிஷம். தெளிஞ்சு வீட்டுக்கு வந்துட்டா. மறுநாளு வேல இல்ல!

அவங்க எங்க தொரத்துனாங்க? 'ரெஸ்ட் எடுத்துட்டு வா'ன்னுதான் சொன்னாங்க. அது... ராஜினாமா லெட்டர் போயிருச்சும்மா. யாரு எழுதுனதா? நாந்தான். அவ கையெழுத்தும் நாந்தான் போட்டேன். என்ன மொறைக்குற? பயந்துட்டேன்மா. அவ கீழ கெடந்தப்ப நான் அங்க இல்லியே... தாங்க முடியல. ஆறு மாசம் எங்கிட்டப் பேசல அவ.

இந்தத் திருகா? ...வீட்டுல நாந்தான் கழட்டிட்டு வர்றேன். பின்ன, ஒவ்வொரு நாளும் என்ன சாக்கு சொல்லி உள்ள வர்றது?

அது என்ன பேப்பரு, கல்லாவுக்குப் பின்னால ஒட்டியிருக்கீங்க? அவ எழுத்து மாதிரி இருக்கே... அந்தக் கண்ணாடியக் குடு.

'எனக்கு வலிப்பு வந்தால்: ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.' ம்ம்... சரியாத்தான் எழுதியிருக்கா. கீழயும் என்னவோ...

'என் அப்பா வந்தால்: உட்கார வைக்கவும். பேசி முடிக்கட்டும். தண்ணீர் கொடுக்கவும். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பவும்.'

...

அந்தத் தண்ணியக் குடும்மா.