அண்ணிக்கு வாசித்துக் காட்டியது

கடையில் எதை எடுத்தாலும் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் கூடையில் போடுவதில்லை. நல்ல பழக்கம்தானே, நர்ஸ் மிஸி. தானா ராத்தா கிளினிக்கில் நீங்கள் நடத்திய வகுப்பில் கற்றது. மூலப்பொருள்களில் எது முதலில் வருகிறதோ அதுதான் அதிகம். குளுக்கோஸ் சிரப் என்றாலும் சீனிதான். 'ஒரு செர்விங்குக்கு', அதாவது ஒரு தடவை தின்னும் அளவுக்கு என்று போட்டிருந்தால், பொட்டலத்துக்குள் எத்தனை செர்விங் என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னது எல்லாமே எனக்கு நன்றாக விளங்கியது.

வடிவம்மாள் அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போனபின் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். இனிப்புநீர் நோய் வந்து தேத்தண்ணியில் சீனி நின்றதும் அவர் வாய் கசந்துவிட்டது. என் குழம்பு, என் நடை, என் அம்மா வீடு, எதுவும் தப்பவில்லை. ஆனால் மலாயும் இங்கிலீஷும் அவருக்குப் படிக்க வராது. கம்போங் ராஜா கடைக்கு என்னைத்தான் கூட்டிப்போவார்.

ஒருநாள் கிரீம் பிஸ்கட்டை நீட்டி, "இதுல சீனி எவ்ளோ போட்டிருக்கான், பாரு" என்றார்.

"ஒரு செர்விங்குக்கு நாலு கிராம்தான் அண்ணி."

பொய்யில்லை. ஒரே ஒரு பிஸ்கட்டுதான் ஒரு செர்விங் என்பதை மட்டும் வாசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பொட்டலம் முழுவதையும் தீர்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து காணாத சிரிப்பு.

அப்புறம் வீடே திருவிழாதான். ஸ்ட்ராபெரி ஜாம், மால்ட் பானம், சாக்லேட் ரோல். "மால்ட்டோடெக்ஸ்ட்ரின்னா என்னா லா?" என்பார். அதுவும் சீனி மாதிரிதான்; வைட்டமின் என்பேன். ஜாம் பாட்டிலைச் சுரண்டிக்கொண்டே ரேடியோ பாட்டுக்குத் தோளைக் குலுக்கி ஆடுவார். நானும் ஆடுவேன். கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்கள் வாசலில் நின்று கைதட்டுவார்கள். என் தலையில் பூ வைத்து, தங்கச்சி இல்லாத குறை தீர்ந்தது என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போகும். இதோ, இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது பாருங்கள்.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். டிவி மங்குகிறது என்றார். உடம்புதான் நன்றாக இருக்கிறதே, கிளினிக் எதற்கு என்று நான்தான் நிறுத்தினேன். செருப்பு கடித்த விரல் ஆறாமல் கறுத்தது. அதையும் நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். வாடைக்குப் பவுடர் தூவினேன். டாக்டரிடம் காட்டினால் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் எடுத்தால் பிஸ்கட் நிற்கும். பிஸ்கட் நின்றால் பழைய அண்ணி திரும்பி வந்துவிடுவார். யோசித்துத்தான் செய்தேன்.

காய்ச்சலில் அவருக்கு நினைவு தப்பியதும் என் வீட்டுக்காரர் காரில் போட்டு இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

உனக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும், மிஸி. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் நான் வாங்கியது சீனி இல்லாத பிஸ்கட். அண்ணிக்கு மட்டும் வேண்டியதை வாசித்து, வேண்டாததை விட்டேன். தெரிந்தே செய்தாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் காலையில் கண் விழித்ததும் அவர் தம்பியைத் தேடவில்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ மட்டும் இல்லாட்டி நான் என்னா ஆயிருப்பேன், குமுதா."

கெடுத்தவளைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வார்களா, மிஸி.