மணி கட்டிய டிராக்டர்

முதலில் அந்த வாஃபிளைச் சாப்பிடுங்கள், ஆறினால் ரப்பராகிவிடும். போலீஸ்காரர்கள் வெறும் வயிற்றில் விசாரித்துவிட்டுப் பிறகு நெஞ்சு எரிகிறது என்கிறீர்கள். உங்களுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவருக்கும் அதே தொல்லைதானாம். அவர் மனைவியே என்னிடம் சொன்னாள்.

ஆமாம், நான் கொஞ்சம் பேசுவேன். தென்துருவப் பனிமேல் மூன்றே பேர் போன பயணம். நானும் பேசாவிட்டால் எப்படி? ஹால்வார்தான் தலைவர். பனிக்கு அடியில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்துகிடக்கும் மலைகளை வரைபடமாக்குவது அவர் வேலை. அங்கே ஒரு பெரிய பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்திருந்தார். அதைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மலர்ந்ததுபோல் சொந்த மகள் கல்யாணத்தில்கூட மலரவில்லையாம்.

முன்னால் இலேசான வண்டி. அதை ஓட்டியது சோல்வே. பல வருஷம் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மந்தமான ஆள். அவன் மனைவி பிரிந்துபோனது அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும், அது வேறு கதை. அவன் பக்கத்தில் நான், ரேடார் திரையோடு. ஒரு ரேடார் அடியிலுள்ள மலையைப் பார்க்கும். இன்னொன்று வழியில் பனி பிளந்திருக்கிறதா என்று பார்க்கும். மேலே மெல்லிய பனி மூடிய பிளவு, திரையில் கறுப்புக் கோடாகத் தெரியும். எங்கள் வண்டியை அந்த மூடி தாங்கும். பின்னால் ஹால்வார் ஓட்டிவந்த கனத்த டிராக்டரைத் தாங்காது. அதனால் நான் 'நில்' என்றால் அவர் நின்றாக வேண்டும்.

மூன்று முறை சொன்னேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கம்பியால் குத்திப் பார்த்தால் கெட்டிப் பனி, பிளவு ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் அரைநாள் வீண். நம் மேய்ச்சலில் முன்னால் போகும் பசுவுக்குக் கட்டுவோமே, அப்படியொரு பித்தளை மணியை ஹால்வார் எடுத்துவந்திருந்தார். வீணாக நிறுத்தினால் சாப்பாடு முடியும்வரை அதைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். அவர் போட்ட சட்டம்.

"நம்ம பசு இன்னைக்கு எதைப் பாத்து மிரண்டுச்சு?"

"கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சுது."

"கோடுதானா? இல்ல, எந்த வீட்டுலயாவது புருஷன் பொண்டாட்டி சண்டையா?"

சோல்வேக்குச் சிரிப்பில் கஞ்சி புரையேறியது.

"இதோ பாரு ஓட்னி, உறுதியாத் தெரிஞ்சா மட்டும் வாயைத் திற. மத்தபடி ரேடியோவுல உன் குரலே கேக்கக்கூடாது."

சரி என்றேன். அதன்பிறகு பேசவில்லை. அவர்களும் என்னோடு பேசவில்லை. அந்த வெள்ளையில் அப்படி இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பள்ளத்தாக்கின் கடைசித் துண்டு மட்டும் பாக்கியிருந்தது. முந்தின மாலை நானும் சோல்வேயும் இலேசான வண்டியில் போய், டிராக்டர் பின்பற்றி வர வேண்டிய வழிநெடுகக் கொடி நட்டுவிட்டு வந்தோம். காலையில் அந்த மணியை டிராக்டருக்குள் கட்டினேன்.

"இது எதுக்கு?"

"இன்னைக்கு உங்க முறை. உங்களுக்கும் நல்லாத்தான் இருக்கும்."

சிரித்தார். சிரித்தால் நல்ல மனிதர்தான்.

கறுப்புக் கோடு வந்தது. எங்கள் வண்டி அதைக் கடந்தது. நான் பேசவில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமே. திரும்பிப் பார்த்தபோது பின்னால் டிராக்டரைக் காணோம், வெறும் வெள்ளை.

சோல்வே பிளவின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கத்தினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏதாவது கேக்குதா, ஓட்னி? உங்க காதுக்கு எல்லாம் கேக்குமே."

கேட்டது. கீழே யாரோ மணியை ஆட்டி, நிறுத்தி, மறுபடி ஆட்டுவது கேட்டது.

"காத்துதான்" என்றேன்.

கயிற்றில் இறங்கப் போனவனைப் பிடித்து இழுத்தேன். இன்னொரு ஆளையும் இழக்க முடியாதில்லையா. சாயங்காலத்துக்குள் மணி ஓய்ந்துவிட்டது.

பனி நகரும், தெரியுமா? எத்தனையோ நூறு வருஷத்தில் அவரை அந்தப் பள்ளத்தாக்குக்கு மேலாகவே கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதுவும் ஒரு கொடுப்பினைதான்.

நான் பேச்சை நிறுத்தினால் மணி கேட்கிறது. அதனால் நிறுத்துவதில்லை. அண்டை வீட்டுக்காரர்கள் பாவம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடி நட்ட மாலையிலேயே அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டேன். சோல்வே வண்டிக்குள் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். நான் இறங்கிக் கம்பியால் குத்தினேன். கம்பி முழுவதும் உள்ளே போனது. அந்த இடத்தில்தான் ஒரு கொடியை நட்டுவிட்டு வந்தேன்.

உறுதியாகத் தெரிந்தால் சொல்லச் சொல்லியிருந்தார். அவர் பேச்சை நான் மீறியது அந்த ஒரு முறைதான்.