ஆறு உலைக்கு ஒரே காவல்

மாலை ரயில் கும்மிடிப்பூண்டியை விட்டுக் கிளம்பியது. எதிர் சீட்டில் ஒரே கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஓர் ஆணும் பெண்ணும். அந்தத் தொழிற்சாலையின் ஆறு உலைகளில் சூடு மிஞ்சினால் அலாரம் அடிக்கிற புரோகிராமை எழுதியவன் அவன். லேப்டாப் அவள் மடியில் இருந்தது.

“ஆறு பேரை வேலைக்கு வெச்சு, அஞ்சு பேரைத் தூங்க வுட்டுருக்கியே, இன்னா குமாரு இது?”

“ஆறு உலைக்கும் ஆறு த்ரெட் போட்டிருக்கேனே ஸ்டெல்லா. உலைக்கு ஒரு காவல்காரன் மாதிரி, ஒவ்வொரு த்ரெட்டும் தனித்தனியா பாத்துக்கும்.”

“கிழிச்சுது. த்ரெட்டை உண்டாக்கிட்டா போதுமா? ‘ஸ்டார்ட்’னு கூப்ட்டாதான் தனியா ஓடும். நீ ‘ரன்’னு கூப்ட்டு வெச்சிருக்கே. மெயின் புரோகிராமே போய் மொத உலையாண்ட குந்திக்கினு, ஆஃப் பண்ற வரைக்கும் அதையே பாத்துக்கினு இருக்கு. ரெண்டாவது உலைக்கு எப்போ வரும்? உன் பேரன் காலத்துலயா?”

“எரர் ஒண்ணும் காட்டலியே.”

“மண்டையில மூளை இல்லன்னு கம்ப்யூட்டர் காட்டாது. இன்னிக்கு நாலாவது உலை சூடு ஏறிப்போய், ஆபரேட்டர் கண்ணால பாத்து ஓடியாந்து நிறுத்துனாரு. உன் அலாரம் வாயே தொறக்கல.”

கவரைப்பேட்டை தாண்டும்போது அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பழைய டெஸ்ட் அறிக்கையைத் தேடி எடுத்தான்.

“மூணு மாசம் முன்னாடி டெஸ்ட் ஓகேன்னு கையெழுத்து போட்டது நீதானே ஸ்டெல்லா? அன்னிக்கு எத்தினி உலையை சூடாக்கிப் பாத்தே?”

அவள் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். பொன்னேரியில் இறங்க எழுந்தாள்.

“மொத உலை மட்டும்தான்.”