லட்டுவுக்கு மயக்க ஊசி

இல்ல சார், நீங்க இருங்க. உக்காந்தா எனக்கு இருப்புக் கொள்ளல்ல, அதான் நடக்கேன். உங்க நாய் லாப்ரடாரா? நல்ல நீள மூக்கு. நீங்க பயப்பட வேண்டாம். நம்ம லட்டு பக் நாயில்லியா, மூஞ்சி அமுங்கின சாதி, மூக்கு ஓட்டையே கடுகளவுதான் இருக்கும். மயக்கம் குடுத்தா இதுகளுக்குத் தொண்டை அடைச்சுக்கிடுமாம்.

ஆமா, டெஸ்ட்டு எல்லாம் எடுத்தாச்சு. ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி. எனக்கு ஆரியசாலை பஜார்ல மொளகா மண்டியாக்கும். யாவாரத்தப் போட்டுட்டு இங்கதான் கெடக்கேன். எல்லாம் பாத்துட்டு இங்க உள்ள ஷெமி டாக்டர் ஒண்ணும் குழப்பமில்லன்னு சொன்னாங்க. மொதல்ல ஆக்சிஜன் பிடிப்பாங்களாம், பொறவுதான் ஊசி. முழிக்கும்போது ரொம்பக் கவனிக்கணுமாம். அதனால தொண்டையில வச்ச குழாயச் சட்டுனு உருவ மாட்டாங்க. இதுக கண்ண முழிச்ச பொறவும் குழாயோடயே சொகமா படுத்திருக்குமாம். ஏன்னு கேட்டேன். பொறந்ததுலேர்ந்து அப்பதான் சார் அது முழுசா மூச்சு விடுதாம்.

கேட்டதும் எனக்குக் கண்ணு நெறைஞ்சிட்டு.

ஆபரேஷனா? பெருசா ஒண்ணுமில்ல, பல்லுல காறை. சுத்தம் பண்ணணும். சே, அவசரமெல்லாம் இல்ல. இந்தச் சூடு கொறையட்டும், மழைக்குப் பொறவு வச்சுக்கிடலாம்னுதான் டாக்டரும் சொன்னாங்க. நான்தான் இன்னிக்கே செய்யணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

ஏன்னா... எனக்கு வியாழக்கிழமை குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் சார். மயக்கம் குடுக்கிற டாக்டர் என் கழுத்தத் தொட்டுப் பாத்துட்டு, குறட்டை உண்டோன்னு கேட்டாரு. என் குறட்டை பொறுக்காம வீட்டுக்காரி ஜெயஷீலா அடுத்த ரூமுக்குப் போயி வருஷமாச்சு. தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பாக்க ஒரு டெஸ்ட்டு எழுதித் தந்தாரு. நான் போகல்ல. பயம். லட்டுவும் நானும் ஒரே மாதிரில்லா குறட்டை விடுதோம். அது முழிச்சா நானும் முழிச்சிருவேன்னு மனசுல ஒரு... என்ன சார் அப்படிப் பாக்கீங்க?

பாவம், இது என்ன ஏதுன்னு லட்டுவுக்குத் தெரியாது. என் கையிலேர்ந்து நர்ஸ் வாங்கினப்போ வால ஆட்டிட்டேல்லா போச்சு. சார், இதுக்குள்ள ஊசி போட்டிருப்பாங்களா? இப்பம், வேண்டாம்னு கதவத் தட்டினா தொறப்பாங்களா சார்?