வராத பல்லுக்கு இட ஒதுக்கீடு

இல்ல டாக்டரம்மா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இட ஒதுக்கீடுன்னுதானே சொன்னீங்க? ஓ, வர்ற பல்லுக்கு எடத்த ஒதுக்கி வைக்கணும்னீங்களா. சரி விடுங்க. அதுக்காகத் திருச்சி ஜெயில்ல களி தின்னவன் இந்த அன்வர் பாட்சா. அந்த வார்த்தை காதுல விழுந்தா காலு தானா எந்திரிச்சுருது. நீங்க பயப்படாதீங்க, கோஷமெல்லாம் போட மாட்டேன்.

ஏழு வயசு எம் பேத்தி சாமியாவுக்குக் கடவாப் பல்லு சொத்தைன்னு புடுங்கிட்டீங்க. பால் பல்லுதானே, எப்புடியும் விழப்போறது, விருப்ப ஓய்வு குடுத்து அனுப்பிட்டீங்க. அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. இப்ப அந்தக் காலி எடத்துக்குக் கம்பியில ஒரு காவலு வைக்கணுங்கிறீங்க. உரிய பல்லு எப்ப வரும்? பத்து, பதினோரு வயசுலயா! நம்ம கவருமெண்டு ஆபீஸ் தேவலாமே. ஆளு வர்றாரோ இல்லையோ, நாற்காலி பத்திரமா இருக்கும்.

அதுவும் அடுத்த மாசம் குவைத்துக்குப் பறக்கப்போற புள்ளைக்கு. ஆமா, அங்க வேலை பாக்குற எம்மவன் உமர் பாரூக் குடும்ப விசா எடுத்துட்டான். எங்க ஊரு ஜெகதாப்பட்டினத்துல பாக்குறவனெல்லாம் எனக்குக் கை குடுக்குறான், ஏதோ நான் எலக்சன்ல ஜெயிச்ச மாதிரி.

என்னது, பின்னாடி மொளைக்கிற பல்லு முன்னால சாஞ்சு வந்துருமா? அப்பறம் உரியவன் வரும்போது எடமில்லாமக் கோணலா மொளைக்குமா? அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன! இதுக்குப் பேரு ஆக்கிரமிப்பும்மா. எங்க ஊருல மீன் ஏலம் போடுற எடத்துக்குள்ள ஒரு ஐஸ் கம்பெனிக்காரன் செவுரு இப்புடித்தான் நகந்து நகந்து வந்துச்சு. கேட்டா, மண்ணு எளகித் தானா சாஞ்சுருச்சுங்கிறான். மீன் எறக்குற ஆளுகளக் கூட்டி மறியல் பண்ணோம். அதிகாரி ஒருத்தரு வந்து சணல் கயிறு கட்டி எல்லை காட்டிட்டுப் போனாரு. மறுநா கயித்தக் காணோம். உங்க கம்பி அதவிடக் கெட்டியா இருக்கும்ல?

அந்தப் பொம்மைத் தாடையில காட்டுங்க. இம்புட்டுத்தானா! பக்கத்துப் பல்லுல ஒரு மோதிரம், அதுலேருந்து வளைச்சு ஒரு கம்பி. நாங்க பஸ்ல துண்டு போடுவோம், நீங்க கம்பி போடுறீங்க. இதுக்கா இம்புட்டுப் படிப்பு?

சவ்வு மிட்டாய் திங்கக் கூடாதா? அத எங்கிட்ட விட்டுருங்க. கடை வாசல்ல உண்ணாவிரதம் உக்காந்துருவேன்.

என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணுமா? மோதிரம் லூசாயிருக்கான்னு பாக்கணுமா? அந்தப் பல்லு மொளைக்கிற வரைக்குமா?

அளவெடுங்கம்மா. இன்னைக்கே எடுங்க.

இருங்க, வெளிய மருமக ஷமீமா பேத்தியோட உக்காந்துருக்கு, வரச்சொல்றேன். இப்ப சொன்னத அப்புடியே அதுக்கிட்டச் சொல்லணும், நீங்கதான் சொல்லணும். நாஞ் சொன்னா, மாமா மறுபடியும் போராட்டத்த ஆரம்பிச்சுட்டாருன்னு குவைத்துக்குப் போனப் போட்டுரும். மாட்டுன டாக்டருதான் பாக்கணும், புதுக்கோட்டைக்குத்தான் வரணும், விட்டுட்டுப் போனா பல்லு கெட்டுரும்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. மூணு நாலு வருசம் புள்ள இங்கயே இருக்கட்டுமே, என்ன இப்ப?

குவைத்துல பல் டாக்டரு இல்லாமயா? இருப்பாங்கம்மா. அத, மருமக தானாக் கேட்டாச் சொல்லுங்க.