தறிச் சத்தத்தையும் மீறி

கருமத்தம்பட்டியில் பேருந்தில் ஏறிய அக்காவும் தம்பியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவன் சட்டையெல்லாம் பஞ்சு.

“தறி ஓடுறப்ப நீங்க பேசுறதே கேக்காதுங்கக்கா, கைச்சாடைதான். பக்கத்துல யாருமே இல்லாதப்பவும் அந்த ஆளு பேசுறது மட்டும் தெளிவாக் கேக்குது.”

“மெதுவாப் பேசு கண்ணு.”

“நூல் அறுந்தா முடிச்சுப் போட வந்து நிக்கறேன். எதுக்கு வந்தேன்னே மறந்துபோகுது.”

“காலைல தோசையத் தின்னுபோட்டு, இன்னும் தோசை ஊத்தலயான்னு கேட்டவனாச்சே நீ.”

இருவரும் சிரித்தார்கள். அவன்தான் முதலில் நிறுத்தினான். அக்கா அவன் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

“டாக்டர்கிட்ட மறதின்னு மட்டும் சொல்லு. குரல் கேக்குதுன்னு சொல்லிராத. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு உனக்குப் பொண்ணு குடுப்பாங்க?”

“சரிங்கக்கா.”

அவிநாசி சாலையில் மேம்பாலத் தூண்களின் நிழல் அவர்கள் மடியில் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது. இறங்குமிடம் நெருங்கியதும் அவன் கேட்டான்.

“ஏனுங்கக்கா, டாக்டர்கிட்ட எதைச் சொல்லக் கூடாதுன்னீங்க?”

அக்கா அவன் தோளிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். பேருந்து நின்றது.

“அப்படி ஒண்ணுமில்ல சாமி. எல்லாத்தையும் சொல்லு. நீ சொல்லாம உட்டதை நான் சொல்றேன்.”