முதுகு காட்டி அமர்ந்த பெண்

"ஹலோ... சொல்லுங்கப்பா... அம்மாவா? அப்பா போன்ல இருந்து ஏம்மா கூப்பிடற?... மறந்து வச்சுட்டுப் போயிட்டாரா? எங்க?... பெர்கனுக்கா! இன்னிக்கேவா?"

தூரா சிரித்துக்கொண்டே கண்காட்சிக் கூடத்தின் வாசல் பக்கம் வந்தாள். வடக்கே பூடோ நகரில் அடுத்த கண்காட்சியைப் பார்த்து எழுத வந்திருந்தாள். பெர்கனில் நடக்கும் ஏமுன்ட் ஸ்காரின் ஓவியக் கண்காட்சியைப் பற்றி அவள் எழுதியது அன்று காலைதான் பத்திரிகையில் வெளியாகியிருந்தது. அவள் என்ன எழுதினாலும் அப்பா ஹால்வர் அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிடுவார். படத்துக்கு முன்னால் நின்று மகளின் வரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்.

"போகட்டுமே, பொழுது போகும்... அழறியா? என்னம்மா ஆச்சு?... எந்தப் படம்?... ஆமா, பதினேழாவது. துணியில்லாம, முதுகு காட்டி, சன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருக்காளே... ஆமா, ஆமா, அதைத்தான் ஆகா ஓகோன்னு எழுதியிருக்கேன். அதுக்கென்ன?... என்னது?... திரும்பச் சொல்லு... நீயா?"

கோட்டுகள் தொங்கிய சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. தூரா அதில் உட்கார்ந்தாள்.

"விளையாடாதம்மா. இருபது நிமிஷம் நின்னேன் அந்தப் படத்து முன்னாடி... இடது தோளுக்குக் கீழ தழும்பா?... இருக்கு. இருந்துச்சு... நீ அடுப்புக் கதவுல சாஞ்சு சுட்டுக்கிட்டது... ஐயோ! அதைப் பத்தி ஒரு பத்தியே எழுதியிருக்கேனே... படிக்காத. படிக்காதம்மா, நான் என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியாதா?"

சின்ன வயதில் ஒவ்வொரு கோடையிலும் ஏரிக்கரையில் அம்மாவின் அந்த முதுகுக்குப் பின்னால்தான் அவள் தண்ணீரில் இறங்குவாள்.

"எந்த வருஷம்?... அப்ப நான் எங்க?... தொட்டில்லயா! மூலையில தெரியுதே, அதுலயா? உள்ள நான் தூங்கிட்டிருந்தேனா?... காலித் தொட்டில், வெறுமையின் அடையாளம்னு எழுதித் தொலைச்சிருக்கேன்மா... சிரிக்காத. அழுதுக்கிட்டே சிரிக்காத, பயமா இருக்கு.

"அப்பாவுக்கு?... ஒண்ணுமே தெரியாதா? நாப்பது வருஷமாவா?... ம்... அவர் கப்பல் வேலைக்குப் போயிருந்தப்ப. சரி... சரி... எத்தனை நாள்?... மார்ச் முழுக்கவா! வெறும் படத்துக்கு ஒரு மாசம் எதுக்கு... இல்ல, நான் கேக்கல. வரைஞ்ச ஆளே செத்துப் போயாச்சு, நான் எதுவும் கேக்கல... என்ன சொன்ன?... அந்த ஒரு மாசந்தான் உன்னை யாரோ பாத்தாங்களா?... ம்... ம்... கேக்குதும்மா."

படம் பார்ப்பதுதான் தூராவின் பிழைப்பு. அந்த முதுகையும் இருபது நிமிடம் பார்த்திருந்தாள்.

"ரயில் எத்தனை மணிக்கு?... அப்ப இந்நேரம் உள்ளயே போயிருப்பாரு... நான் என்னம்மா பண்ணுவேன், இங்க பூடோவுல உக்காந்துக்கிட்டு?... கண்காட்சிக்காரங்களுக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்ல? பதினேழாவதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைங்கன்னா? கம்பளித் தொப்பி போட்ட பெரியவரை உள்ள விடாதீங்கன்னா? பெர்கன்ல பாதிப் பேரு கம்பளித் தொப்பிம்மா!... கண்டுபிடிக்க மாட்டாருங்கறியா? நானே கண்டுபிடிக்கலதான்... ஆனா நான் பொண்ணு, அவர் புருஷன்... ஆமா. கண்டுபிடிச்சுடுவாரு... என்ன சத்தம்? உன் போனா?... பெர்கன் நம்பரா?... எடு. எடும்மா! நான் இருக்கேன்."

எங்கோ தள்ளி அம்மாவின் குரல் ஏதோ சொன்னது. தூரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அம்மா வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"ம், இருக்கேன்... அப்பாவேதானா? காவலாளி போன்லயா?... என்ன சொன்னாரு?... 'வா'ன்னா? வெறுமனே 'வா'ன்னா?... கோவமா சொன்னாரா?... அழுதாரா?... குரலை வச்சு ஒண்ணுமே தெரியலையா? அவ்வளவு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்க, தெரியலைங்கறியே!... படத்துக்கு எதிர்ல உக்காந்திருக்காரா... நீ வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னா?... போகாத. வேணாம்மா... இல்ல, போ. போயிடு. எனக்கே ஒண்ணும் புரியல... என்னது?... எதைப் போட்டுக்கிட்டுப் போறதா? என்கிட்டயா கேக்கற?... அம்மா, எதையாவது போட்டுக்கிட்டுப் போ!... ஹலோ?... ஹலோ?"

தூரா அப்பாவின் எண்ணுக்கு மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் எண்ணுக்கு அழைத்தாள்; அதையும் யாரும் எடுக்கவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் வந்து, விளக்குகளெல்லாம் போட்டாயிற்று, படங்களைப் பார்க்க வரலாம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை.